மிதித்தால் நிற்கும் வண்டி

டீ சொல்லியாச்சு. வருவதற்குள் ஒரு கேள்வி. "ஆக்சிலேட்டரை மிதிச்சா வண்டி ஆஃப் ஆகுது" என்கிறீர்களே, எப்படி ஆஃப் ஆகிறது? சாவியைத் திருப்பி நிறுத்தியதுபோல ஒரே வெட்டாகவா, இல்லை திணறி, இரண்டு குலுங்கு குலுங்கி, பிறகு அடங்குகிறதா? மிதிக்கும்போதா, மிதித்துவிட்டுக் காலை எடுக்கும்போதா? காலையில் எடுத்தவுடனா, அரை மணி நேரம் ஓடி இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகா? அப்போது டேங்கில் பெட்ரோல் எவ்வளவு இருந்தது? ஏ.சி. ஓடிக்கொண்டிருந்ததா? ஒரு கேள்வி என்று சொல்லிவிட்டு அடுக்கிக்கொண்டே போகிறேன். ஆனால் இதற்கெல்லாம் பதில் தெரிந்தால் பாதி வேலை பானெட்டைத் திறக்காமலே முடிந்துவிடும்.

பதில் இல்லாமல் திறந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். முதலில் நாலு பிளக்கும் மாறும். அடுத்து பெட்ரோல் பில்டர். அப்புறம் த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவுவார்கள். கடைசியில், "பம்பு வீக்கா இருக்கு சார், மாத்திடலாம்." ஒவ்வொரு தடவையும் வண்டி ஓரிரு நாள் நன்றாக ஓடிவிட்டு, கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது மறுபடியும் நின்றுவிடும். மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர் கொட்டகையில் நிற்கும்போது வண்டி ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஐட்லிங்கில் குறை இல்லை. நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்தால் நன்றாகவே சீறுகிறது. பாரம் ஏறும்போது மட்டும் தலைகாட்டுகிற கோளாறை, பாரமே இல்லாத இடத்தில் நிறுத்திவைத்துத் தேடுகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நீங்கள் காலை அழுத்தும்போது உள்ளே நடப்பதைப் பார்த்துவிடலாம். பலர் நினைப்பதுபோல ஆக்சிலேட்டர் பெட்ரோலைத் திறந்துவிடுவதில்லை. அது திறப்பது காற்றுக்கான வழியை. த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் வட்டத் தகடு சாய்கிறது, காற்று உள்ளே பாய்கிறது. எவ்வளவு காற்று வந்தது என்று சென்சார்கள் சொல்ல, ஈ.சி.எம். எனப்படும் கம்ப்யூட்டர் பெட்டி கணக்குப் போட்டு, அதற்கேற்ற நேரம் இன்ஜெக்டரைத் திறந்து வைக்கிறது. கலப்பில்லாத பெட்ரோல் என்றால், சாதாரண ஓட்டத்தில் 1 கிராமுக்கு 14.7 கிராம் காற்று என்பது கணக்கு. முழுதாக மிதித்து இழுக்கும்போது பெட்ரோல் கொஞ்சம் தூக்கலாக வேண்டும், 12.5 அல்லது 13 கிராம் காற்றுக்கே 1 கிராம் என்ற அளவுக்கு. காற்று லேசானது, வழி திறந்ததும் வந்துவிடும். பெட்ரோல் பின்தங்கினால் கலவை மெலிந்து, பற்றிக்கொள்ளாமல் போகும். ஒர்க்ஷாப்பில் இதை 'லீன் ஆகுது' என்பார்கள்.

அதே நொடியில் இன்னும் இரண்டு நடக்கிறது. சிலிண்டருக்குள் கூடுதல் கலவை அடைபடுவதால் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏற, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். எரிந்து முடிந்த புகையும் பல மடங்காகி, சைலன்சர் வழியாக வெளியேற இடம் தேடுகிறது. ஆக, பெட்ரோல், பொறி, புகைவழி என்று எல்லாப் பக்கமும் தேவை ஒன்றாக எகிறும் நேரம் அது. நாலு மாதமாக நலிந்துகொண்டிருக்கும் பாகம் எதுவோ, அது அந்த நேரத்தில்தான் கைவிரிக்கும். ஐட்லிங்கில் நன்றாக இருந்தது என்பது எந்தப் பாகத்துக்கும் நற்சான்று ஆகாது.

பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 2000-ஐ ஒட்டிப் புகை விதிகள் இறுகி, புதுக் கார்களில் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டாலும், பத்மினியும் பழைய மாருதி 800-ம் ஆசையாக வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார்புரேட்டருக்குள் ஆக்சிலேட்டர் பம்ப் என்று குட்டி டயாபிரம் ஒன்று உண்டு. மிதித்தவுடன் பாயும் காற்றோடு ஒரு பீய்ச்சு பெட்ரோலை உடனே அனுப்புவது அதன் வேலை. இன்ஜினை நிறுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றி, மேலிருந்து உள்ளே பார்த்துக்கொண்டே கையால் லீவரை இழுங்கள். ஊசி முனை போன்ற குழலிலிருந்து பெட்ரோல் கோடாகப் பாய வேண்டும். சொட்டினாலோ, எதுவும் வராவிட்டாலோ டயாபிரம் கிழிந்திருக்கும், இல்லையென்றால் ஜெட் அடைத்திருக்கும். அந்த வண்டி மிதித்தவுடன் திணறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இராது. பார்க்கும்போது பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். சொல்லத் தேவையில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

உங்களுடையது இன்ஜெக்‌ஷன் வண்டி. அதில் கண்ணால் பார்க்க முடிவது குறைவு, அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் இலவசமாக ஒரு கருவி டேஷ்போர்டிலேயே இருக்கிறது. ஆர்.பி.எம். முள். அடுத்த தடவை வண்டி நிற்கும்போது கிளட்சை மிதிப்பதற்கு முன் அந்த முள்ளை ஒரு பார்வை பாருங்கள். வண்டி கியரில் இருந்து சக்கரம் இன்னும் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால், இன்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்று பொருள். கிராங்க் சென்சார், அதன் ஒயர், மெயின் ரிலே, சாவி சுவிட்ச் என்று மின்சாரப் பக்கம் போக வேண்டும். வண்டி வேகம் குறையக் குறைய முள்ளும் கூடவே இறங்கினால், சிக்னல் இருக்கிறது, பெட்ரோலோ காற்றோ புகைவழியோ தகராறு செய்கிறது. எல்லா வண்டியிலும் இது நூற்றுக்கு நூறு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தத் திசையில் முதலில் நடப்பது என்று சொல்ல இதைவிட மலிவான வழி இல்லை.

கிராங்க் சென்சாருக்குத் தனியாக ஒரு குணம் உண்டு. சூட்டில் அதன் உள்சுருள் விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் நன்றாக ஓடி, வெட்டினாற்போல் நின்று, எத்தனை செல்ஃப் அடித்தாலும் எடுக்காமல், ஓரமாக நிறுத்தி இளநீர் குடித்துவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறதா? முதல் சந்தேகம் அதன்மேல்தான். டோ பண்ணி ஒர்க்ஷாப் போய்ச் சேர்வதற்குள் சென்சார் ஆறிவிடும், அங்கே எல்லாம் சரியாக இருக்கும். நீங்கள்தான் பொய் சொன்னதுபோல ஆகிவிடும்.

என் கேள்விகளுக்கு நீங்கள் சொன்ன பதிலோ வேறு மாதிரி. மேம்பாலத்தில், மூன்றாவது கியரில், ஏ.சி.யோடு இழுக்கும்போது திணறி நிற்கிறது. டேங்க் கால்வாசிக்குக் கீழே போனால் அடிக்கடி வருகிறது. இது பெட்ரோல் பக்கம் கைகாட்டுகிறது. அங்கே கொஞ்சம் நிதானமாக நிற்போம்.

பம்ப் எங்கே இருக்கிறது தெரியுமா? டேங்குக்கு உள்ளேயே, பெட்ரோலில் மூழ்கி. பல சின்னக் கார்களில் பின் சீட்டைத் தூக்கினால் அதன் மூடி தெரியும். அதன் மோட்டாரைக் குளிர்விப்பதும் வழவழப்புக் கொடுப்பதும் பெட்ரோல்தான். இருநூறு ரூபாய்க்கும் முந்நூறு ரூபாய்க்குமாகப் போட்டுக்கொண்டு எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களின் பம்ப் சீக்கிரம் தேய்வதற்கு இதுதான் காரணம். டேங்கின் அடியில் சேரும் குப்பையும் அப்போதுதான் பம்பின் வாய்க்கு நேராக வரும். பம்பின் வாயில் துணிப்பை போன்ற சல்லடை ஒன்று இருக்கிறது. அது அடைத்தால், ஐட்லிங்குக்குத் தேவையான கொஞ்சம் பெட்ரோல் தாராளமாக வரும், இழுவைக்குத் தேவையானது வராது.

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் துரு பிடித்துக் குறுகியிருந்தால், சமையலறையில் ஒரு குழாயைத் திறக்கும்போது எதுவும் தெரியாது. குளியலறையிலும் ஒருவர் திறந்தால்தான் இங்கே நூலாக வடியும். பம்பை அளக்கும்போதும் இதே விஷயத்தை மனத்தில் வைக்க வேண்டும். போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் லைனின் பிரஷர் பெரும்பாலும் 3 முதல் 4 பார் வரை இருக்கும், உங்கள் மாடலுக்குரிய எண் சர்வீஸ் மேனுவலில் கிடைக்கும். கேஜை மாட்டி, ஐட்லிங்கில் வைத்து, "3.5 இருக்கு சார், பம்பு ஓகே" என்று கழற்றிவிடுவார்கள். அது சமையலறைக் குழாயை மட்டும் திறந்து பார்த்ததுதான்.

அனுபவப்பட்டவர்கள் செய்வது இது. பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு, இன்ஜின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு, லைனில் இருக்கும் பிரஷரை இறக்குவார்கள். பிறகு லைனுக்கு நடுவே டி இணைப்புப் போட்டு, நீளமான ஓஸில் கேஜை மாட்டி, பானெட்டின் பின்ஓரம் வழியாக வெளியே எடுத்து, முகம் கண்ணாடிப் பக்கம் இருக்கும்படி வைப்பர் தண்டில் கட்டிவிடுவார்கள். பானெட் ஓஸை நசுக்காமல் மூடுகிறதா, எங்காவது கசிகிறதா என்று இரண்டு தடவை பார்ப்பார்கள். அப்புறம் ஒருவர் ஓட்ட, ஒருவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருக்க, மேம்பாலத்துக்குப் போவார்கள். மூன்றாவது கியரில் மிதிக்கும்போது முள் 3.5-ல் அசையாமல் நின்றால் பம்ப் நிரபராதி. 2.5, 2 என்று சரிந்து, அதே நேரத்தில் வண்டியும் திணறினால் வழக்கு முடிந்தது. ஒரு டிரையல்தான். அதற்கு ஆகும் நேரத்தைவிட, சந்தேகத்தில் மாற்றிய பாகங்களுக்கு ஆன நேரம் எப்போதும் அதிகம்.

பிரஷர் சரிகிறது என்றால் உடனே பம்பையே மாற்றிவிடலாமா? இன்னும் ஒன்று பாக்கி. பம்புக்குக் கரன்ட் முழுதாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். பின் சீட்டைத் தூக்கி, பம்பின் கனெக்டரில், இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டர் வைத்தால் பேட்டரியில் இருக்கும் வோல்டேஜ் கிட்டத்தட்ட அப்படியே இருக்க வேண்டும். பேட்டரியில் 14 இருந்து இங்கே 11 என்றால், நடுவில் மூன்று வோல்ட்டை எவரோ தின்கிறார்கள். கருகிய ரிலே காலாக இருக்கலாம், பச்சை பூத்த எர்த்தாக இருக்கலாம், எலி கடித்து ஓரிரு இழையில் தொங்கும் ஒயராக இருக்கலாம். தரைத்தள பார்க்கிங்கில் வண்டி நிறுத்துகிறவர்கள் எலியை லேசாக எண்ண வேண்டாம். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், புதுப் பம்பும் அப்படித்தான் சுற்றும். புதுப் பம்ப் போட்டும் தீராத வண்டிகளில் கணிசமானவை இந்த வகை.

இதைவிடச் சுலபமான இரண்டு சோதனையை நீங்களே செய்யலாம். சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பிக் காதைக் கொடுங்கள். பின் சீட்டுப் பக்கமிருந்து இரண்டு மூன்று வினாடி மெல்லிய ஙொய் சத்தம் வந்து நிற்க வேண்டும். முன்பு மெல்லியதாக இருந்த சத்தம் இப்போது ஊளையாக மாறியிருந்தால் பம்ப் கஷ்டப்படுகிறது. அடுத்தது, வண்டி திணறி நின்றவுடன் பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால், டேங்க் மூச்சுவிடும் வழி அடைத்திருக்கிறது. பெட்ரோல் வெளியேற வெளியேற உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பம்பைப் பின்னுக்கு இழுக்கிறது. மூடியைத் தளர்த்திவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டும்போது திணறல் போய்விட்டால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. வெளிப்பக்கம் புஸ்ஸென்று வந்தால் கவலை வேண்டாம், வெயிலில் நின்ற வண்டியில் அது சகஜம்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 பிப்ரவரி முதல் நம் பங்குகளுக்கு 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வர ஆரம்பித்தது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் ஆசை, கொஞ்சம் ஈரத்தைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து அடியில் தங்கும். பம்பின் வாயும் அடியில்தானே இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கில் போட்ட பிறகு ஆரம்பித்த திணறல் என்றால், கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்கை இறக்கிக் காலி செய்வதைத் தவிர வழியில்லை. பழைய வண்டியின் டேங்கில் வருடக்கணக்காகப் படிந்த அழுக்கை எத்தனால் இளக்கிவிடுவதும் உண்டு, அது நேராகச் சல்லடைக்கும் பில்டருக்கும் வந்து சேரும். எத்தனாலைப் பற்றி டீக்கடையில் நடக்கிற சண்டைக்குள் நான் போகவில்லை. உங்கள் வண்டி நிற்பதற்கெல்லாம் அதுவே காரணம் என்பதும், அதனால் ஒன்றுமே ஆகாது என்பதும் இரண்டுமே மிகை.

டேங்க் முழுக்க நிரப்பியவுடன் திணறுகிறது என்றால் கதை தலைகீழ். ஆட்டோ கட் ஆன பிறகும், "ரவுண்டா போடுப்பா" என்று வழிய வழிய நிரப்பினால், பெட்ரோல் ஆவியை மட்டும் பிடிக்க வேண்டிய கரிப்பெட்டிக்குள் பெட்ரோலே இறங்கிவிடும். அங்கிருந்து இன்ஜினுக்குப் போகும் வால்வும் திறந்தபடி மாட்டிக்கொண்டால், கலவை கொழுத்து மூச்சுமுட்டும். சில்லறைக்காக ரவுண்டாக்குவதை விட்டுவிடுங்கள்.

காற்றுப் பக்கம் வருவோம். ஏர் பில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் பாடிக்குப் போகும் மடிப்பு மடிப்பான ரப்பர் ஓஸ் இருக்கிறதல்லவா, அதன் மடிப்புக்குள் வெடிப்பு விழும். சும்மா நிற்கும்போது வெடிப்பு மூடியிருக்கும். மிதிக்கும்போது இன்ஜின் ஒருபக்கமாகத் திமிறும், ஓஸ் இழுபட்டு வாய் திறக்கும். இன்ஜின் மவுன்ட் ரப்பர் தொய்ந்த வண்டியில் இது இன்னும் மோசம். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் கோட்டைவிடும் இடம். வரும் காற்றை வழியிலேயே அளக்கும் மாஸ் ஏர்ஃபுளோ சென்சார் உள்ள வண்டியில்தான் இந்த வெடிப்பு திணறலை உண்டாக்கும். சென்சாரைத் தாண்டிப் புகும் காற்று கணக்கில் வராது, பெட்ரோல் குறைவாகப் போகும். நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் இருப்பது மேப் சென்சார். அது உறிஞ்சு குழலின் அழுத்தத்தைப் பார்த்துக் காற்றைக் கணக்கிடுகிறது. த்ராட்டிலுக்கு முன்னால் விழும் வெடிப்பு அதை ஏமாற்றாது. தூசியை உள்ளே விடும், அவ்வளவுதான். மேப் வண்டியில் பார்க்க வேண்டியது சென்சாரின் வாயும், இருந்தால் அதற்குப் போகும் சின்ன வேக்கம் ஓஸும். அங்கே கரி அடைத்தால் செய்தி தாமதமாகப் போகும். கால் மிதித்துவிட்டது, கம்ப்யூட்டருக்கு இன்னும் தெரியாது.

த்ராட்டில் பொசிஷன் சென்சாரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல வேடிக்கை. கேபிள் த்ராட்டில் வண்டிகளில் அது உள்ளே ஒரு கரிப்பாதை, அதன்மேல் தேய்ந்தபடி நகரும் ஒரு முள், அவ்வளவே. மூடியிருக்கும்போது சுமார் 0.5 வோல்ட், முழுதாகத் திறந்தால் சுமார் 4.5 வோல்ட். ஊர் ஓட்டத்தில் கால் பெரும்பாலும் லேசாக மிதித்த நிலையிலேயே இருப்பதால், மூடிய நிலைக்குச் சற்று மேலேதான் பாதை அதிகம் தேயும். இன்ஜின் ஓடாமல், சாவியை மட்டும் ஆன் செய்து, சிக்னல் ஒயரில் மீட்டரை வைத்து, த்ராட்டிலைக் கையால் ஆமை வேகத்தில் திறங்கள். 0.5, 0.6, 0.7 என்று சீராக ஏற வேண்டும். 0.8-ல் போய்க்கொண்டிருந்தது சட்டென்று 0.2-க்கு விழுந்து, மறுபடி 0.9 என்று எழுந்தால் அந்தப் பள்ளம்தான் குற்றவாளி. கால் அழுத்திய நொடியில் கம்ப்யூட்டருக்குக் 'காலை எடுத்துவிட்டார்' என்று செய்தி போகிறது, அது பெட்ரோலைக் குறைக்கிறது. டிஜிட்டல் மீட்டரின் எண்கள் இந்தத் துள்ளலைத் தவறவிடும். முள் ஆடும் பழைய அனலாக் மீட்டர் இங்கே அழகாகக் காட்டிக்கொடுக்கும். ரேடியோ ரிப்பேர்க்காரர் யாரிடமாவது இன்னும் ஒன்று இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

த்ராட்டில் பாடியில் கரி படிந்தால் வண்டி நிற்பது மிதிக்கும்போது இல்லை, காலை எடுத்து சிக்னலில் வந்து நிற்கும்போது. உங்கள் கோளாறுக்கு அதைக் கழுவியது வீண் செலவு. சுத்தம்தானே, நல்லதுதான் என்று தேற்றிக்கொள்ளுங்கள்.

பொறிப் பக்கம் அதிகம் சொல்ல இல்லை. காயிலோ பிளக் ஒயரோ நலிந்தால் வண்டி பொதுவாக நிற்பதில்லை, மிஸ்ஸிங் அடித்துக் குலுங்கும். நாலு சிலிண்டரில் ஒன்று உழைக்காவிட்டாலும் மற்ற மூன்றும் இழுத்துக்கொண்டு போகும். வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாள் ஆரம்பித்திருந்தால் மட்டும் பிளக் குழிகளைப் பாருங்கள், தண்ணீர் தேங்கியிருக்கும். கழற்றிய பிளக்கின் முனை இளம்பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்துக் கரி பூத்திருந்தால் மிதமிஞ்சிப் போகிறது.

ஆனால் மிஸ்ஸிங்கை மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு வேறொரு செலவு காத்திருக்கிறது. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அதன் தேன்கூட்டுக் கண்கள் உருகி அடைத்துக்கொள்ளும். பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐட்லிங்கும் இருக்கும், மிதித்தால் ஆர்.பி.எம். ஏறாமல் முட்டிக்கொண்டு நின்றுவிடும். வேக்கம் கேஜை மாட்டி, 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்து வைத்தால், முள் ஒரு நிலையில் நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். புகை வெளியே போக முடியாமல் தேங்குவதன் அறிகுறி அது. முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டு, சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு ஓரிரு நிமிடம் பார்த்தால் வண்டிக்கு உயிர் வந்துவிடும். அந்த ஓட்டை வழியாகச் சுடுபுகை வரும், பக்கத்தில் ஒயரோ கையோ வேண்டாம்.

ஸ்கேனர் போட்டாச்சே, ஒன்றும் காட்டவில்லையே என்கிறீர்கள். ஸ்கேனர் காட்டும் எரர் கோடு ஒரு புகார் மனு மாதிரிதான், தீர்ப்பு இல்லை. பி0171 என்று வந்தால் 'கலவை மெலிந்திருக்கிறது' என்று பொருள், அதைப் படித்துவிட்டு ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறவர்கள் ஏராளம். மெலிந்திருப்பதைச் சரியாகச் சொன்ன சென்சாருக்கே தண்டனை. பி0335 கிராங்க் சென்சார் சிக்னல் இல்லை என்கிறது, அது ஒயராகவும் இருக்கலாம். உங்கள் வண்டியில் பெட்ரோல் பிரஷரை அளக்கும் சென்சாரே இல்லையென்றால், பம்ப் பாதி செத்திருந்தாலும் அதற்கென்று கோடு வராது. அதனால் கோடு இல்லை என்றவுடன் கருவியைக் கழற்றாமல், லைவ் டேட்டாவை ஓடவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபியூயல் டிரிம் என்றொரு எண் இருக்கும். பூஜ்யத்தை ஒட்டி ஐந்து சதவீதம் ஏறி இறங்கினால் பரவாயில்லை. சீராக மிதமாக இழுத்துப் போகும்போது அது கூட்டல் 20, 25 என்று ஏறினால், கம்ப்யூட்டர் 'பெட்ரோல் போதவில்லை' என்று கூடுதலாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஐட்லிங்கில் மட்டும் அதிகமாக இருந்து, இழுக்கும்போது சரியாகிவிட்டால் எங்கோ வேக்கம் கசிவு. இந்த ஒரு எண்ணே பெட்ரோலா காற்றா என்று பிரித்துத் தந்துவிடும்.

சரிசெய்யும்வரை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சில விஷயம் நினைவில் இருக்கட்டும். ஓடும்போது இன்ஜின் நின்றால் பிரேக் போய்விடாது. பூஸ்டரில் இருக்கும் வேக்கம் ஓரிரு மிதிக்கு வரும், விட்டு விட்டு மிதித்து அதை வீணாக்காமல் ஒரே அழுத்தாகப் பிடியுங்கள். ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். கிளட்சை அழுத்தி, நியூட்ரலுக்கு வந்து, ஹசார்ட் விளக்கைப் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். வண்டி உருளும்போது சாவியை முழுதாகப் பின்னால் திருப்பி உருவ வேண்டாம், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். லாரிக்கு முன்னால் புகுந்து ஓவர்டேக் எடுப்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். டேங்கைப் பாதிக்குக் கீழே இறக்காதீர்கள்.

உங்கள் வண்டிக்கு என்ன செய்யச் சொல்வேன் என்றால், நாளைக்கு முதலில் பம்ப் கனெக்டரில் வோல்டேஜ். அது சரியாக இருந்தால் கேஜைக் கட்டிக்கொண்டு அதே மேம்பாலம், கால் டேங்க் பெட்ரோல், ஏ.சி. ஆன், மூன்றாவது கியர். முள் சரிந்தால் பம்பைக் கழற்றலாம். வெளியே தனி பில்டர் இருக்கும் வண்டி என்றால் அதையும் கூடவே பாருங்கள். புது மாடல்கள் பலவற்றில் பில்டர் பம்ப் அசெம்பிளிக்குள்ளேயே இருப்பதால் மொத்தமாகத்தான் வரும். போட்டு முடித்ததும் ஒர்க்ஷாப் வாசலில் ரேஸ் கொடுத்துக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கேஜோடு மறுபடியும் அதே பாலம், அதே கால் டேங்க். பழைய பம்பைக் கேட்டு வாங்கி, அந்தச் சல்லடைப் பையை ஒரு வெள்ளைத் துணியின்மேல் பிதுக்கிப் பாருங்கள். செம்பழுப்புத் துரு இறங்கினால் டேங்கையும் இறக்கிக் கழுவச் சொல்லிவிடுங்கள், புதுச் சல்லடையும் இல்லாவிட்டால் சில மாதத்தில் அதே துருவில் அடைத்துக்கொள்ளும்.